புதுப்பிப்பு: மெரினாவா, பெசன்ட் நகரா, கோவளமா?

மூட்டு வலியுள்ள அம்மாவையும் ஆறு வயது மகளையும் எந்தக் கடற்கரைக்குக் கூட்டிப் போகலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன், நினைவிருக்கிறதா? மூன்றுக்கும் போய் வந்துவிட்டோம்.

மெரினாவில் சாலையிலிருந்து தண்ணீர் வரைக்கும் மணலில் நடப்பதே அம்மாவுக்குப் பெரிய பாடு. துறைமுகம் கட்டிய பிறகு வடக்கே நகர வேண்டிய மணல் அதன் தெற்கே தேங்கித்தான் இவ்வளவு அகலமானது. விவேகானந்தர் இல்லம் அருகே மாற்றுத்திறனாளிகளுக்காக 2022-ல் போட்ட மரப்பாதையில் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன், அலையை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததே, எனக்கு அது போதும். ஆனால் அலையின் இழுப்பு பொல்லாதது, குழந்தையைத் தண்ணீரில் விடவே வேண்டாம்.

பெசன்ட் நகர் மாலைக்காற்றுக்கு நல்லது, குளிக்க அல்ல. அங்கே நிற்கும் ஷ்மிட் நினைவிடமே 1930-ல் நீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமிக்குக் கட்டியதுதான்.

மகளுக்குப் பிடித்தது சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளம். சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்கு உலக அளவில் தரும் நீலக்கொடிச் சான்று 2021-ல் கிடைத்த இடம், சுத்தமாக இருந்தது, உடை மாற்றவும் வசதி இருக்கிறது. காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் மணல் காலைச் சுடுகிறது. அங்கேயும் முழங்கால் ஆழத்துக்கு மேல் அவளை விடவில்லை, கையையும் விடவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் அம்மாவோடு மறுபடி மெரினா, மகளோடு கோவளம்.