சிவப்பு டிக் விவகாரம்

பெரியப்பா: *பலமுறை பகிரப்பட்டது* இன்று இரவு முதல் வாட்ஸ்அப்பில் எல்லாச் செய்திகளும் கண்காணிக்கப்படும். இரண்டு நீல டிக், ஒரு சிவப்பு டிக் வந்தால் அரசு பார்த்துவிட்டது. உடனே எல்லோருக்கும் அனுப்பவும்.

சுதா சித்தி: ஐயோ, பத்திரம் போட்டோ இங்கேதானே கிடக்கிறது

ரவி மாமா: அதை இங்கே யார் போடச் சொன்னது?

சுதா சித்தி: கேட்டபோது நீங்கள் தந்திருந்தால் ஏன் போடப்போகிறேன் அண்ணா

கார்த்தி: சிவப்பு டிக் என்று ஒன்றே கிடையாது பெரியப்பா. 2016-லிருந்து இங்கே செய்தி பூட்டப்பட்டுத்தான் போகிறது, சாவி நம் போன்களில் மட்டும். டிஇஎஸ் என்ற பழைய குறியாக்கப் பூட்டின் சாவி 56 பிட், அதாவது 56 இடங்களில் 0 அல்லது 1. அதை 1998-ல் ஒரு இயந்திரம் 56 மணி நேரத்தில் உடைத்தது. இப்போது இருப்பது 256 பிட். ஒவ்வொரு பிட் கூடும்போதும் தேடும் வேலை இரட்டிப்பாகும். சாவியைத் தேடிக் கண்டுபிடிக்க எந்த அரசாலும் ஆகாது.

பெரியப்பா: 👍

செல்வி அக்கா: அப்போ பயமில்லை

கார்த்தி: இருங்கள், முடிக்கவில்லை. பூட்டை விட்டுவிட்டு போனுக்குள் புகுந்துவிடுவார்கள். 2019-ல் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் சுமார் 1,400 பேரைக் குறிவைத்தது அப்படித்தான். ஒரு கால் வரும், எடுக்கக்கூட வேண்டாம். அப்புறம், யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்பதை இந்தப் பூட்டு மறைக்காது. 2013-ல் அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடன் விவகாரத்தில் முதலில் வெளியானதே, அந்த அரசு கால் பட்டியலைத் திரட்டிய கதைதான்.

சுதா சித்தி: போன மாதம் இங்கே பேசியது அப்படியே பெரியண்ணன் வீட்டுக்குப் போனதே, அதுவும் பெகாசஸா?

ரவி மாமா: அது ஸ்கிரீன்ஷாட். ஆள் யார் என்று தெரியும்

செல்வி அக்கா: என்னையா சொல்கிறீர்கள் மாமா?

ரவி மாமா: பெயர் சொன்னேனா?

பெரியப்பா: பாட்டிக்கு நாளை கண் ஆபரேஷன் எத்தனை மணிக்கு?

சுதா சித்தி: 9. யார் கூடப் போவது என்று இன்னும் முடிவாகவில்லை

சுதா சித்தி: பத்திரத்தை டெலிட் செய்துவிட்டேன்

கார்த்தி: உங்கள் போனில் மட்டும்தான் போயிருக்கிறது சித்தி. எங்களுக்கு இன்னும் தெரிகிறது

ரவி மாமா: 😂

செல்வி அக்கா: சிக்னல் ஆப்புக்கு மாறிவிடலாமா?

பெரியப்பா: எனக்கு இதுவே போதும் அம்மா

கார்த்தி: மாறாவிட்டாலும் பேக்கப்பைப் பூட்டுங்கள். அது தானாகப் பூட்டிக்கொள்ளாது, ஒவ்வொருவரும் ஆன் செய்ய வேண்டும். ஒருவர் விட்டாலும் குழுப் பேச்சு முழுக்க அவர் பேக்கப்பில் திறந்து கிடக்கும். கடவுச்சொல் போடலாம், இல்லையென்றால் 64 இலக்கச் சாவி. தொலைத்தால் யாராலும் திறக்க முடியாது.

செல்வி அக்கா: பாட்டி போனுக்கு?

ரவி மாமா: அந்தச் சாவி என்னிடம் இருக்கட்டும்

சுதா சித்தி: பத்திரம் இருக்கிற மாதிரியா?