வட்டாரத் தேர்தல் செலவு: கனடாக் காசை எப்படிக் கணக்கில காட்டுறது?

நெடுங்கேணியான்:
வவுனியா வடக்கு பிரதேச சபைக்கு அடுத்த முறை சுயேச்சைக் குழுவில நிக்கப்போற ஒராளுக்காகக் கேக்கிறன். வட்டாரத்தில 1,200 வாக்காளர் வருவினம். கனடா மச்சான் 2 இலட்சம் ரூபா உண்டியலில (வங்கிக்கு வெளியால ஆள் மூலம் காசு மாத்துறது) அனுப்புறாராம். ஊர்ப் பெடியள் லாண்ட்மாஸ்டரும் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஒலிபெருக்கியும் சும்மா தருவினம். எதெதைக் கணக்கில போடோணும்? தோத்தாலும் குடுக்கோணுமோ?

பற்றுச்சீட்டு:
தோத்தாலும் குடுக்கோணும். 2023 இன் 3 ஆம் இலக்க தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாளுக்குள்ள வரவும் செலவும் தெரிவத்தாட்சி அலுவலரிட்ட (தேர்தலை நடத்துற அதிகாரி) போகோணும். ஒரு சதமும் செலவில்லையெண்டாலும் அப்பிடியே எழுதிக் குடுங்கோ. தோத்தவை கன பேர் மாட்டுப்படுறது இதிலதான்.

உண்டியல் வேண்டாம். தந்தது ஆரெண்டு காட்டேலாத காசை வாங்கக்கூடாது. உண்டியலில அந்தத் தடயமே அழிஞ்சிடும். வெளிநாட்டில பதிஞ்ச சங்கம், கம்பனி காசும் கூடாது. மச்சான் கனடாக் குடியுரிமை எடுத்திருந்தால், வாங்க முதலே தெரிவத்தாட்சி அலுவலரிட்ட எழுத்தில கேளுங்கோ. சரியெண்டால் தன்ர பெயரில வங்கியால அனுப்பட்டும். தேர்தலுக்கெண்டு தனிக் கணக்குத் திறந்தால் பிறகு தலையிடி இல்லை.

மாந்தை கிழக்கு:
லாண்ட்மாஸ்டர் சும்மா வந்தால் அதில எழுத என்ன இருக்கு?

பற்றுச்சீட்டு:
இருக்கு. காசாக வராத உதவியும் நன்கொடைதான். ஊரில நாள் வாடகை எவ்வளவோ அதை வரவிலயும் போடுங்கோ, செலவிலயும் போடுங்கோ. உரிமையாளரிட்டப் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதியோட ஒரு துண்டு வாங்குங்கோ. டீசல் வேற பற்று.

அச்சுக்கூடம்:
செலவு உச்சவரம்பையும் பாருங்கோ. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில வாக்காளர் ஒராளுக்கு 74 ரூபாயிலயிருந்து 160 ரூபா வரை, சபைக்குச் சபை வேற வேற. அதை 1,200 ஆல பெருக்கி வாறது முழுக்க உங்கட காசெண்டு நினைக்கவேண்டாம். குழுவுக்கும் அதில பங்கிருக்கு. வர்த்தமானியில வேட்பாளருக்கெண்டு போட்டிருக்கிறதுதான் கணக்கு.

துண்டுப்பிரசுரம் வாக்குக்கு ஒண்டெண்டு அடிக்காதேங்கோ, வீட்டுக்கு ஒண்டு காணும். 1,200 வாக்கெண்டால் ஏறத்தாழ 400 வீடு. 450 படி இரண்டு சுற்று. அச்சகத்தின்ர பெயரும் விலாசமும் அடியில இருக்கோணும். சுவரொட்டிக்குக் காசைக் கொட்டாதேங்கோ: ஒட்டுறது சட்டவிரோதம், பொலிஸ் கிழிக்கும், செலவு மட்டும் கணக்கில நிக்கும். கூட்டத்தில சோத்துப் பார்சலும் குடுக்கவேண்டாம். அது செலவுக் கணக்கைவிடப் பெரிய சிக்கல், வாக்காளரை உபசரிக்கிற குற்றத்தில வரும்.

நெடுங்கேணியான்:
பெட்டிக்கடைக்காரர் பில் தரமாட்டினமே?

பற்றுச்சீட்டு:
வவுச்சர் புத்தகம் ஒண்டு வாங்கி அண்டைக்கண்டைக்கே எழுதிக் கையெழுத்து எடுங்கோ. 20 ஆம் நாள் ஞாபகத்தில எழுதினால் கூட்டுத்தொகை பொருந்தாது.