ஒரே மாணவன், மூன்று படப்பலகைகள்: யாருடன் யார் பேசி முடிவு செய்வது?

கேள்வி: சிறப்பாசிரியர், திருச்சி

வணக்கம். பெருமூளை வாதம் உள்ள எட்டு வயது மாணவன் ஒருவனுக்கு வாரத்தில் இரண்டு நாள் பாடம் நடத்துகிறேன். வாய்ப்பேச்சு இல்லை, படங்களைத் தொட்டே தனக்கு வேண்டியதைச் சொல்வான். பேச்சுப் பயிற்சியாளர் டேப்லெட்டில், படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைக் குரலில் சொல்லும் ஆவாஸ் செயலியை அமைத்துக் கொடுத்திருக்கிறார். பயிற்சி மையத்தில் வேறொரு அட்டை; வகுப்புக்கென்று நான் செய்தது இன்னொன்று. மையத்து அட்டையில் 'தண்ணீர்' மேல்வரிசையின் இடது ஓரத்தில் இருக்கிறது. சென்ற வாரம் என் அட்டையில் அதே மூலையை அவன் தொட, அங்கே நான் ஒட்டியிருந்த 'பந்து' படத்தைப் பார்த்துப் பந்தை எடுத்துக் கொடுத்தேன். அழுதுவிட்டான். பயிற்சியாளரிடம் நானே பேசலாமா, பெற்றோர் வழியாகத்தான் போக வேண்டுமா?

பதில்: பேச்சுப் பயிற்சியாளர், சென்னை

பெற்றோரின் சம்மதத்தைப் பெற்றுக்கொண்டு நேரடியாகவே பேசுங்கள். தட்டச்சு பழகியவரின் விரல் எழுத்தைத் தேடாமல் அதன் இடத்துக்கே போவதைப் போல, இந்தப் பிள்ளைகளும் படத்தை விட அதன் இடத்தையே அதிகம் நம்புகிறார்கள். ஆகையால் புதிய சொற்களை எத்தனை சேர்த்தாலும் பழைய சொல்லை நகர்த்தக் கூடாது. செயலியின் முதல் பக்கத்தை அப்படியே அச்சிட்டு லேமினேட் செய்து மூன்று இடங்களிலும் வையுங்கள்; சார்ஜ் தீர்ந்த நாளிலும் உதவும். அதற்கு முன் ஒன்றைத் தாயாருடன் அமர்ந்து தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆங்கில வாக்கிய வரிசையில் அமைந்த பலகைகளில் வினைச்சொல் பொருளுக்கு முன்னால் வரும். 'நான், தண்ணீர், வேண்டும்' என்று விரல் இடமிருந்து வலமாகப் போவதற்குத் தமிழில் வினை வலது ஓரத்தில் இருக்க வேண்டும். செயலியின் குரல் 'வேண்டும்' என்பதா, வீட்டுப் பேச்சில் உள்ள 'வேணும்' என்பதா? நான் பின்னதையே வைப்பேன். பலகை தயாரான பின் நீங்கள் பேசும்போதும் அதே படங்களைத் தொட்டுத் தொட்டுப் பேசுங்கள்; பிறர் யாரும் பேசாத மொழியை அவன் மட்டும் எப்படிக் கற்பான்?

பதில்: ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்), கோவை

அவன் கால்கள் தரையிலோ கால் வைக்கும் பலகையிலோ ஊன்றியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். தொங்கும் கால்களோடு உட்கார்ந்தால் உடலை நிமிர்த்துவதிலேயே பலம் போய், கை குறி தவறும். அதையும் இடம் மாறியதால் வரும் தவறாக எண்ணிவிடக் கூடாது.

பதில்: ஒரு தாய், மதுரை

உடைந்துவிடும் என்ற பயத்தில் என் மகளின் டேப்லெட்டைப் பள்ளியில் பைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொடர்புக்குத் தரும் விளக்கத்திலேயே மாற்று முறைகளும் அடங்கும் என்பதைக் காட்டிய பிறகே மேசைக்கு வந்தது. எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு நாற்பது பக்க நோட்டுதான். என்ன கற்பித்தோம் என்று எழுதாமல், அவள் என்ன சொன்னாள் என்பதை மட்டும் எல்லோரும் எழுதுகிறோம். ஒருநாள் 'தாத்தா' என்று ஆறு முறை தொட்டதை ஆசிரியை குறித்திருந்தார். தாத்தா மருத்துவமனையில் இருந்தது எங்களுக்குத்தானே தெரியும். இன்னொன்று: நிபுணர்கள் செய்து தந்த அட்டைகளில் இட்லி முதல் ஐஸ்கிரீம் வரை இருந்தன, 'வேண்டாம்' மட்டும் இல்லை.

கேட்டவர்:

நன்றி அம்மா. என் அட்டையிலும் 'வேண்டாம்' இல்லை. சனிக்கிழமை பயிற்சியாளரையும் அவன் தாயாரையும் சந்திக்கிறேன். அதுவரை 'பந்து' படத்தை எடுத்துவிட்டு அந்த மூலையில் 'தண்ணீர்' ஒட்டிவிட்டேன்.