ஹ்லுபோகா கோட்டைக் கதவுக் கைப்பிடி: பார்த்தவங்க சொல்லுங்க

பிராக்வாசி:
தெற்கு செக் நாட்டு வெள்ளைக் கோட்டை, போட்டோ எல்லாரும் பார்த்திருப்பீங்க. நேரா கதவுக்கே வர்றேன். ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற துருக்கிக்காரரோட போயிருந்தேன். உள்ளே விடக் காத்திருந்தப்போ சும்மா கைப்பிடியைப் பிடிச்சார். குனிஞ்சு பார்த்தவர் கையை எடுத்துட்டார். வெட்டின தலை ஒண்ணு, அதோட கண்ணைக் கொத்துற அண்டங்காக்கை. "இது நாங்கதானே?"ன்னார். ஆமா, துருக்கி வீரர் தலைதான்னேன். சிரிச்சார். என்ன சிரிப்புன்னு இன்னும் பிடிபடல.

எலும்பு_ரசிகை:
இதுக்கேவா? குத்னா ஹோரா பக்கம் செட்லெட்ஸ் எலும்புத் தேவாலயம் போங்க. உங்க கைப்பிடியில இருக்கிறது ஹ்லுபோகாவை வச்சிருந்த ஷ்வார்ட்சன்பெர்க் குடும்பச் சின்னம். அதே சின்னத்தை 1870ல மனுச எலும்பாலேயே செஞ்சிருக்காங்க. காக்கையே எலும்பு. அது கொத்துறது நிஜ மண்டையோடு. என் பொண்ணு "அது யாரும்மா?"ன்னு கேட்டா. பிளேக்ல போனவரோ, ஹுஸைட் சண்டையில (செக் நாட்டுப் பழைய மதப்போர்) செத்தவரோ, அந்த ஊர் ஆளாத்தான் இருக்கும். உள்ளூர்க்காரர் மண்டைக்கு எதிரி வேஷம் கட்டிட்டாங்க.

கோட்டைக்கிறுக்கன்:
பிராக்வாசி, "நாங்க" எல்லாம் இல்லைங்க. அது ஹங்கேரியில கியோர் கோட்டைக் கதை. 1598 மார்ச்ல அடோல்ஃப் ஷ்வார்ட்சன்பெர்க் ஆளுங்க வாசல்கதவை வெடி வச்சுத் தகர்த்து, ஒட்டோமான் துருக்கிப் படைகிட்ட இருந்து மீட்டாங்க. மறுவருஷம் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் தலையையும் காக்கையையும் சின்னத்துல சேர்த்துக்கக் கொடுத்தார். கதவை உடைச்சவர் வம்சம் அந்தச் சின்னத்தைக் கதவுலயே மாட்டி வச்சுக்கிச்சு. நானும் பார்த்தேன், நல்ல வேலைப்பாடு.
போறவங்க கவனிங்க: செஸ்கே புத்யேயோவித்சேல தங்குங்க, 10 கிலோமீட்டர்தான். உள்ளே வழிகாட்டியோடதான் சுத்தணும், எந்த மொழிச் சுற்றுன்னு கேட்டுட்டு டிக்கெட் வாங்குங்க, இல்லேன்னா செக்ல தலையாட்டிட்டே வரணும். மேடு ஏறணும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க. திறந்திருக்கிற நாளை முன்னாடியே பார்த்துக்குங்க. தண்ணி பாட்டில் மறக்காதீங்க. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனா மெதுவா போங்க.

எலும்பு_ரசிகை:
அண்ணா, வழி யாரும் கேட்கலையே :) ஹ்லுபோகா கோட்டையை இப்போ இருக்கிற மாதிரி இங்கிலாந்து வின்ட்சர் கோட்டையைப் பார்த்துக் கட்டினது 1840ல இருந்து 1871 வரைக்கும். சண்டை முடிஞ்சு 250 வருஷம் ஆச்சு. அப்பவும் அந்தத் தலையை விடல பாருங்க. வேலைப்பாடு நல்லாருக்குன்னு தாண்டிப் போக என்னால முடியல.

பிராக்வாசி:
கியோர் கதையை அவர்கிட்ட அனுப்பினேன். "1594ல அதை நாங்க பிடிச்சப்போ யாருமே எனக்கு ஒரு கைப்பிடி செஞ்சு தரலையே"ன்னு பதில் வந்துச்சு.