புதுப்பிப்பு: படுக்கையில் இருப்பவரும் பார்த்துக்கொள்பவரின் தூக்கமும்

படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று முன்பு எழுதியதற்கு, "ராத்திரி முழுக்க யார் முழிப்பது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. ஒரே ஆள் முழிக்கவே கூடாது. 9 முதல் 2 வரை ஒருவர், 2 முதல் 7 வரை இன்னொருவர் என்று பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 5 மணி நேரமாவது முறியாத தூக்கம் கிடைக்கும்.

முழுதாக ஒருக்களித்துப் படுக்கவைத்தால் இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று, குதிகால் மெத்தையில் படாதபடி. சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. தேய்க்காமல் நர்ஸிடம் காட்டுங்கள். ஏர் பெட் இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும்.

பார்த்துக்கொள்பவருக்கு எரிச்சலும் அழுகையும் அடிக்கடி வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐ அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.