யாழ்ப்பாணத்துச் சபைகளைப் பார்க்கப் போகிறோம், எப்படிப் போனால் உறவு நிலைக்கும்?

காரைக்குடி பாடகர்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். காரைக்குடிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பாடகர் குழு என் பொறுப்பு. சபையார் இருபது பேர் யாழ்ப்பாணம் போய் அங்குள்ள சபைகளோடு பழகிவிட்டு வரலாம்னு கமிட்டியில் முடிவாகி, எங்க போதகர் ஐயரும் சரின்னுட்டார். ஆனா பெரியவங்க சிலர், ஒரு தொகை வசூல் பண்ணி அங்கே ஒரு சபைக்குக் கொடுத்துட்டு, மிச்ச நாள் ஊர் சுத்திட்டு வரலாம்ங்கிறாங்க. எனக்கு மனசு ஒப்பலை. போட்டோ எடுத்துட்டுத் திரும்பினா ரெண்டு மாசத்துல மறந்துபோகும். போய்வந்தவங்க சொல்லுங்க. எங்கே தங்கறது, என்ன கொண்டுபோறது?

தேவகோட்டை டீச்சர்:
தம்பி, நான் பெண்கள் ஐக்கிய சங்கத்தோட போய்வந்தவள். வசூல் பேச்சை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க. நாம கொடுக்கப் போற இடம் இல்லை அது, நாம வாங்கின இடம். அமெரிக்க மிஷனரிகள் 1816-ல் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் ஊழியம் தொடங்கினாங்க. 1823-ல் அங்கேயே வட்டுக்கோட்டையில் செமினரிங்கிற உயர்கல்விக்கூடம் வந்தது. அந்த யாழ்ப்பாண மிஷன்ல இருந்துதான் 1834-ல் மதுரைக்கு ஊழியத்துக்கு ஆள் அனுப்பினாங்க, கூடவே யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர்களும் வந்தாங்க. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்து எத்தனையோ பழைய சபைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வேர் அந்த மிஷன்தான். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானப்ப யாழ்ப்பாணமும் அதில் ஒரு திருமண்டலம், அதாவது ஒரு பேராயருக்குக் கீழ உள்ள பகுதி. இதைக் கமிட்டியில் வாசிச்சுக் காட்டுங்க.

லாட்ஜ் வேண்டவே வேண்டாம். ரெண்டு ரெண்டு பேரா வீடுகள்ல தங்குங்க. நான் தங்கின வீட்டு அம்மாவுக்கு எழுபது வயசுக்கு மேலே. விடியக்காலைல அடுப்படியில் புட்டுக்குத் தேங்காய் துருவிக்கிட்டே தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒண்ணைப் பாடினாங்க. நானும் பக்கத்துல உட்கார்ந்து சேர்ந்து பாடினேன். பல்லவி ஒண்ணாப் போச்சு, சரணத்துல அவங்க மெட்டு வேற. நிறுத்திட்டு, "நீங்கள் பாடுங்கோ பாப்பம்"னாங்க. அன்னைக்குப் புட்டு ஆறியே போச்சு, எங்க பாட்டு முடியலை. எந்த மேடையில இப்படி நடக்கும்?

அந்த வீட்டுக் கூடத்துல ஒரு பையன் படம் இருந்தது. மாலை போடலை. நான் வாயே திறக்கலை. ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி அவங்களே சொன்னாங்க, போரின் கடைசியில காணாமப் போன மகன்னு. உங்க ஆளுங்ககிட்ட கண்டிப்பாச் சொல்லிவைங்க: சண்டையைப் பத்தி நாமாக் கேட்கக்கூடாது. சொன்னா முழுசாக் கேட்கணும், நடுவுல ஆறுதல் வசனம் எடுத்து விடக்கூடாது.

கொண்டுபோக நம்ம பலகாரம் சீப்புச் சீடை, மாவுருண்டை போதும், நம்ம ஊர் ஓலைக் கொட்டான்ல போட்டுக் குடுங்க. ஞாயிறு ஆராதனைல பிரசங்கத்துக்கு நம்மாளை நிறுத்தாதீங்க. ஒரு கீர்த்தனை பாடிட்டு உட்கார்ந்து அவங்க ஐயர் சொல்றதைக் கேளுங்க.

ரயிலடி:
பயண விஷயம் மட்டும் சொல்றேன். நாகப்பட்டினத்துல இருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை துறைமுகத்துக்குப் போற கப்பல் 2023 அக்டோபர்ல மறுபடி ஆரம்பிச்சாங்க. காத்து, மழைக் காலத்துல நிறுத்திடுவாங்க, அதனால தேதியை முன்னாடியே உறுதிப்படுத்திக்கிட்டு கிளம்புங்க. திருச்சி–பலாலி (யாழ்ப்பாண விமான நிலையம்) விமானம் 2025 மார்ச்சுல வந்தது, வயசானவங்களுக்கு அதுதான் சுகம். ஆராதனையில கலந்துக்கிற திட்டத்தை விசா எடுக்கிறப்பவே சொல்லிக் கேட்டுக்குங்க.

மானிப்பாயான்:
டீச்சர் சொன்னது முழுக்கச் சரி. வாறவை எங்கட வீடுகளில நிண்டால் எங்களுக்குப் பெரிய சந்தோசம். ஆக்களின்ர வயசையும், ஆருக்குச் சீனி வருத்தம் (சர்க்கரை நோய்), ஆர் மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடமாட்டினம் எண்டதையும் முதலே எழுதி அனுப்புங்கோ. எங்கட ஊர் மானிப்பாய்க்கும் கட்டாயம் வாங்கோ. அமெரிக்க மிஷன் கிறீன் வைத்தியர் 1800-களில தமிழிலயே ஆங்கில வைத்தியம் படிப்பிச்ச ஊர் இது, அவற்ற பேரில ஆஸ்பத்திரி இண்டைக்கும் இருக்கு.

ஒண்டு கேக்கிறன். காசு தாறதை விட, அடுத்த வருசம் எங்கட வாலிபர் சங்கப் பிள்ளையளை உங்கட ஊருக்குக் கூப்பிடுங்கோ. என்ர மனிசி சின்னனில உங்கட மண்டபம் அகதி முகாமில இருந்தவ. தமிழ்நாடு எண்டால் அவவுக்கு அங்க வரிசையில நிண்டதுதான் ஞாபகம். ஒருக்கா விருந்தாளியா வந்து ஒரு வீட்டில இருந்து சாப்பிட வேணும் எண்டு அவவுக்கு ஆசை.

காரைக்குடி பாடகர்:
அண்ணே, அக்காவையும் பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க, எங்க வீட்லதான் தங்கணும். வசூல் பணத்தை உங்க ஆளுங்க வர்ற செலவுக்கு வைக்கலாம்னு இந்த ஞாயிறு கமிட்டியில கேட்கப்போறேன். டீச்சர், அந்த 1834 சங்கதியை நீங்களே வந்து சொன்னா பெரியவங்க கேட்பாங்க. ஆராதனை முடிஞ்சதும் கூட்டம். தேவகோட்டைக்கு வண்டி அனுப்பறேன்.