டாய் ஸ்டோரியும் யாழினியின் போர்வையும்

குழு: மேலத்தெரு வீடு

ஞாயிறு

கவிதா, இரவு 8:40
நேற்று ராத்திரி யாழினியோடு உட்கார்ந்து டாய் ஸ்டோரி பார்த்தேன், பொம்மைகள் உயிரோடு நடமாடுமே அந்த அனிமேஷன் படம். முதல் பாகம். பிரபு, ஞாபகம் இருக்கிறதா? சிடி வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் மூன்று தடவை ஓட்டினோமே!

பிரபு, 8:43
மறக்குமா அக்கா! அட்டைப்பெட்டியில் இறக்கை வெட்டி முதுகில் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து குதித்தேன். அந்த விண்வெளி வீரன் பொம்மை பஸ் லைட்இயர்தான் எனக்கு உலகம் அப்போது.

கவிதா, 8:49
எனக்கும் பஸ்ஸைத்தான் பிடித்தது. இப்போது பார்த்தால் அது முழுக்க கௌபாய் பொம்மை வுடியின் கதை. புது பொம்மையாக பஸ் வந்ததும், அவர்களை வைத்து விளையாடும் பையன் ஆண்டியின் அறை எப்படி மாறுகிறது பார். சுவரில் இருந்த கௌபாய் படங்கள் போய் விண்வெளி வீரன் வருகிறான். கட்டில் விரிப்பு மாறுகிறது. கடைசியில் வுடி படுத்த இடத்தில் பஸ். எல்லாம் ஒரு பாட்டுக்குள் முடிந்துவிடுகிறது.

கவிதா, 8:50
அந்த இடத்தில் யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அவனோட போர்வையையும் மாத்திட்டாங்க" என்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

அம்மா, 8:53
ஏன்டி, பிள்ளை எதற்கு அப்படிச் சொன்னாள்?

கவிதா, 8:57
தம்பி பிறந்ததிலிருந்து அவளை அடுத்த அறையில் அவரோடு படுக்க வைக்கிறோம் அம்மா. அவளுடைய மஞ்சள் போர்வை மெத்தென்று இருக்கிறதே என்று குட்டிக்கு விரித்துவிட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரவி, 8:59
எனக்கும் தோன்றவில்லை அத்தை. அவளும் ஒன்றும் கேட்காமல் பேசாமல் வந்து படுத்துக்கொண்டாள். அதைத்தான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

பிரபு, 9:06
அனிமேஷன் வகுப்பில் நாங்கள் முதலில் பிரித்துப் பார்த்த படமே இதுதான். 1995-இல் வந்தது. முழு நீளத்துக்கும் கணினியிலேயே செய்த முதல் படம், 81 நிமிடம். அந்தக் காலத்துக் கணினியில் மனிதத் தோலும் முடியும் சரியாக வராது, பிளாஸ்டிக்கின் பளபளப்பு நன்றாக வரும். பொம்மைகளை வைத்துக் கதை செய்தது அதற்குத் தோதாக அமைந்தது. இன்றைக்கும் பொம்மைகள் பழசாகத் தெரியவில்லை, ஆண்டியும், பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன் சிட்டும்தான் தெரிகிறார்கள்.

பிரபு, 9:10
ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது அக்கா. 1993-இல் பணம் போட்ட டிஸ்னிக்குப் போட்டுக் காட்டிய வடிவத்தில் வுடி கொடுமைக்காரன். பஸ்ஸை வேண்டுமென்றே ஜன்னல் வழியாகத் தள்ளுவான். பார்த்தவர்களுக்குப் பிடிக்காமல் வேலையையே நிறுத்திவிட்டார்கள். படத்தைச் செய்த பிக்ஸார்காரர்கள் கதையைத் திரும்ப எழுதினார்கள். இப்போதுள்ள படத்தில் மேஜைக்குப் பின்னால் தள்ளிவிடத்தான் வுடி நினைக்கிறான். கைமீறிப் போய் பஸ் ஜன்னலுக்கு வெளியே விழுந்துவிடுகிறான்.

கவிதா, 9:14
அதையேதான் யாழினி கேட்டாள், வுடி கெட்டவனா என்று. இல்லை கண்ணு, தன் இடம் போய்விடுமோ என்று பயந்துவிட்டான் என்றேன்.

அம்மா, 9:21
நீயும் அப்படித்தான் இருந்தாய் கவி. பிரபுவைத் தூளியில் போட்டால் நீ பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவாய். அவனுடைய கிலுகிலுப்பையை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாய்.

கவிதா, 9:22
அம்மா! அது உனக்குத் தெரியுமா?

அம்மா, 9:25
அரிசி அளந்து போட்டவள் நான்தானே. அதை எடுத்து உன் கையில் கொடுத்து, தம்பி அழுகிறான், நீ ஆட்டினால்தான் நிறுத்துவான் என்றேன். அன்றைக்குத் தூளிப் பக்கம் வந்தவள்தான், அப்புறம் என்னைக்கூடத் தொட விடவில்லை.

பிரபு, 9:31
அக்கா, இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது.

பிரபு, 9:36
சிட் வீட்டில் ராத்திரி ஒரு காட்சி வருமே, அதை மட்டும் இன்னொரு தடவை பார். பஸ்ஸின் முதுகில் ராக்கெட் கட்டியிருக்கும், வுடி பால் கிரேட்டுக்குள் மாட்டியிருப்பான். உன் முன்னால் நான் எம்மாத்திரம் என்று அங்கேதான் வாய்விட்டுச் சொல்கிறான். அப்புறம் பஸ் தன் காலைத் திருப்பிப் பார்க்கிறான். அடியில் ஆண்டி என்று கையால் எழுதியிருக்கிறது. வுடியின் காலிலும் அதே பெயர்தான். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் ஒரு கட்சி.

கவிதா, 9:40
அதில் யாழினி எழுந்து டிவி பக்கத்திலேயே போய் நின்றுவிட்டாள்.

அம்மா, 9:42
சரி, படத்தைப் பேசியது போதும். அந்தப் போர்வையைப் பிள்ளையிடம் இன்றைக்கே கொடு. தம்பிக்கு நான் என் பழைய பருத்திப் புடவை இரண்டு கிழித்து அனுப்புகிறேன், அதைவிட மெத்தென்று எதுவும் இல்லை.

திங்கள்

ரவி, காலை 7:05
அத்தை, நேற்று போர்வையைத் திருப்பிக் கொடுத்தோம். பழைய இடத்திலேயே, அவள் அம்மா பக்கத்தில் படுத்தாள். நடுராத்திரி பார்த்தால் போர்வையில் பாதி குட்டி மேல் கிடந்தது, இவள்தான் போர்த்தியிருக்கிறாள்.

கவிதா, 7:20
இப்போதுதான் பார்த்தேன் அம்மா. குட்டியின் உள்ளங்காலில் நீல ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக 'யா' என்று எழுதியிருக்கிறாள். அதற்கு மேல் எழுத இடம் இல்லை.

அம்மா, 7:22
குளிப்பாட்டும்போது அந்தக் காலை மட்டும் தேய்த்துவிடாதே கவி.